முப்பத்தேழு கடற்கரைகளும் ஒரு சுவரும்

"மணல்தான் வேணும்னு நான் எப்போ சொன்னேன்? மணலா இருந்தா கால் வைக்க—"

"அதுக்குப் பேருதான் மணல்தான் வேணும்ங்கறது, சம்பந்தி. புத்தகத்துல முப்பத்தேழு கடற்கரை போட்டிருக்கான். அதுல பதினாலு பாறைக் கரை. ஒண்ணுகூடவா உங்க கண்ணுக்கு—"

"பாறையில என் முட்டி ஏறுமா? முப்பது வருஷம் தையல் மெஷினை மிதிச்ச முட்டி. உங்களை மாதிரி உக்காந்த எடத்துல உத்தியோகம் பார்த்திருந்தா—"

"உக்காந்த எடத்துலயா! எட்டு மணி நேரம் காதுல இரும்பை மாட்டிக்கிட்டு, ஊர்ல இருக்கறவங்க திட்டையெல்லாம் நான் வாங்கி—"

"வாங்கினதையெல்லாம் இப்ப எனக்குக் குடுத்துக்கிட்டிருக்கீங்க."

"கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தப்பவும் இப்படித்தான். நான் ஜன்னல்னா நீங்க ஃபேன், நான் ஃபேன்னா நீங்க—"

"அமைதி!" என்றது சுவரில் இருந்த ஒலிபெருக்கி. "டோக்கன் நாற்பத்தொன்று. விருப்ப முரண்பாடு உள்ளவர்கள் மூன்றாம் கவுன்டரில் படிவம் பெற்று, அதன் பின் முரண்படவும்."

இருவரும் வாயை மூடினார்கள். நாற்பத்தொன்று அவர்கள் கையில்தான் இருந்தது.

வடக்குக் கடற்கரைத் தேர்வு வாரியத்தின் காத்திருப்புக் கூடம் அது. வடக்குக் கடற்கரை அழகானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அழகு ஒரே இடத்தில் இருந்திருந்தால் தொல்லையில்லை. முப்பத்தேழு இடத்தில் இருந்தது. எதற்குப் போவது என்று ஜனங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று குழம்பினார்கள். குழப்பத்தைத் தீர்க்க வாரியம் அமைந்தது. அது தேர்ந்து கொடுக்கும் சீட்டு இல்லாமல் எந்தக் கரையிலும் கால் வைக்கக் கூடாது என்று விதி வந்தது. கரைக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு காவலாளி என்று ஆனது. இப்போது பஸ் ஸ்டாண்டில் ஒருவரும் குழம்புவதில்லை. எல்லோரும் இந்தக் கூடத்துக்கு வந்துதான் குழம்புகிறார்கள்.

முட்டியைப் பற்றிச் சொன்னவள் பெண்ணைப் பெற்றவள். தெருவில் அவளுக்குத் தையலம்மா என்று பெயர். காலையில் அவசரமாகக் கிளம்பியதில் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து, அதோடு பஸ் ஏறிவிட்டாள். மற்றவள் பையனைப் பெற்றவள். தொலைபேசி நிலையத்தில் முப்பத்துநான்கு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் டெலிபோனம்மா. எதிரில் இருப்பவர் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள், காதைக் கொடுப்பாள்.

பெண்ணுக்கு மூன்று வாரத்தில் பிரசவம். தொட்டிலுக்கு என்ன துணி என்பதில் தொடங்கிய சண்டை, போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவரை வந்துவிட்டது. டாக்டர் பெண்ணின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், பிறகு இந்த இருவரையும் பார்த்தார். அன்றைக்குப் பெண் சொன்னாள்: "உங்க ரெண்டு பேருக்கும் பொதுவாப் பிடிச்சது உலகத்துல கடல் ஒண்ணுதான். ஒரு நாள் ஒண்ணாப் போங்க. ஒரே தண்ணியில கால் நனைச்சு நின்னு போட்டோ அனுப்புங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போட்டோ வரலைன்னா, ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு பேர் பேரையும் எழுதிக் குடுத்துருவேன், உள்ள விடாதீங்கன்னு."

"அவ சொன்னதுதான் நானும்" என்றான் பையன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நன்றாகத் தேறியிருந்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தரை. ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் ஐந்தரைக்கு.

மூன்றாம் கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உறவு?"

"சம்பந்தி" என்றார்கள் இருவரும்.

"யாருக்கு யாரு?"

"எனக்கு அவங்க, அவங்களுக்கு நான்."

"அதுக்குக் கட்டம் இல்லையே. 'இதர'ன்னு போட்டுக்கறேன். இந்தாங்க, ஆளுக்கொரு படிவம். அறுபத்துநாலு கேள்வி. அடித்தல் திருத்தல் இருந்தா கடல் கிடையாது."

தையலம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தாள். "'தாங்கள் எதிர்பார்க்கும் தனிமையின் அளவு, கிலோவில்.' ஏம்மா, தனிமையைக் கிலோவுல எப்படிம்மா எழுதறது?"

"படிவம் காய்கறி வாரியத்துலேருந்து வந்தது. சின்னச் சின்ன மாத்தம் பண்ணியிருக்கோம். மூணுக்குக் கீழ போடாதீங்க, சில்லறை விண்ணப்பம்னு தள்ளிருவாங்க."

தையலம்மா நான்கு கிலோ எழுதினாள். டெலிபோனம்மா எட்டிப் பார்த்து ஐந்து எழுதினாள்.

அறுபத்துநாலாவது கேள்வி மட்டும் தெளிவாக இருந்தது: 'மணலா, பாறையா?' தையலம்மா மணல் என்று எழுதி அடியில் கோடு போட்டாள். டெலிபோனம்மா பாறை என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

பக்கத்து நாற்காலியில் கடற்கரைக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடையின் சிவப்பு வெளுத்துப் போய்ப் பல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள் தையலம்மா.

"தேனிலவுக்கு வந்தோம்."

"எங்க, உங்க வீட்டுக்காரம்மா?"

"மூணாவது வருஷம் அவ மலைக்குப் போயிட்டா. அங்க வாரியம் இல்லையாம்." குடையைத் தடவிக்கொண்டார். "எனக்கு இப்ப கேள்வி அம்பத்தொம்போதுல ஒரு சின்ன சந்தேகம்தான் பாக்கி."

படிவத்தைக் கொடுத்ததும் அலைப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். எந்த அலையின் சத்தத்துக்கும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று விண்ணப்பதாரர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாடியில் நீளமான அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தரைவரை தொங்கும் கனத்த திரை. மேஜையில் கறுப்புத் தொலைபேசி ஒன்று. அதன் முன்னால் ஒல்லியாக ஒருவர் கூராகச் சீவிய பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். அலை மதிப்பீட்டாளர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

"தினமும் முப்பத்தேழு கரைக்கும் போன் போடுவேன்" என்றார் அவர். "காவலாளி ரிசீவரைக் கடல் பக்கம் நீட்டுவார். நான் கேட்டு மார்க் போடுவேன். ஓசை, இடைவெளி, கண்ணியம்."

"கண்ணியமா?"

"சில அலை வந்து தொப்புன்னு விழும்மா. குடும்பத்தோட வர்றவங்களுக்கு அது ஆகாது." எண்ணைச் சுழற்றினார். "இது ஒன்பதாம் நம்பர் கரை. ஒன்பது வருஷம் தொடர்ந்து முதல் பரிசு, போன வருஷம்தான் சறுக்கிருச்சு. கேளுங்க."

தையலம்மா வாங்கிக் கேட்டாள். ஷ்ஷ்ஷ் என்று வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டாள். டெலிபோனம்மா ரிசீவரை வாங்கினாள். அவள் அதைக் காதில் வைத்த விதத்திலேயே மதிப்பீட்டாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல நடுநடுவுல மூச்சு வாங்குதே" என்றாள்.

"அலை வாங்கும்மா. அதுதான் இடைவெளி."

"அலை இருமாது."

மதிப்பீட்டாளரின் பென்சில் நின்றது.

டெலிபோனம்மாவுக்கு முப்பத்துநான்கு வருஷக் குரல் தொண்டைக்குள் வந்தது. "ஹலோ, எக்ஸ்சேஞ்ச் பேசறேன். லைன்ல யாரு?"

ஷ்ஷ்ஷ் நின்றது.

"லைன்ல யாருன்னு கேட்டேன்."

"...காவலாளிங்க."

"யாரு ஊதறது?"

மறுமுனையில் பெருமூச்சு. இந்த முறை நிஜமான மூச்சு. "அம்மா, போன் ஒயரு பத்தடிதான். கடல் இருக்கறது இருநூறடி தள்ளி. மொத நாளு போன் வந்தப்ப, கடலை நோக்கி நீட்டுன்னாங்க. நீட்டினேன், ஒண்ணும் கேக்கலைன்னாங்க. வேலை போயிருமேன்னு பயந்து ஊதினேன். எம்பத்தெட்டு மார்க் வந்துருச்சு. அப்புறம் எப்படிம்மா நிறுத்தறது?"

மதிப்பீட்டாளர் ரிசீவரைப் பிடுங்கினார். "யோவ், அப்ப போன வருஷம் உன் கரை பதினாறாவது எடத்துக்கு இறங்கினது?"

"ஆஸ்துமாங்கய்யா."

"அடப்பாவி! மத்த முப்பத்தாறு கரையும் எப்படிக் கேக்கறது? அதெல்லாம்..."

"அவங்களுக்கும் நான்தாங்கய்யா டிரெயினிங் குடுத்தேன். வாரியத்துலேருந்துதான் பயிற்சி முகாம் நடத்துங்கன்னு சுற்றறிக்கை அனுப்பினீங்க. பாராட்டுப் பத்திரம்கூட வந்துச்சு."

மதிப்பீட்டாளர் ரிசீவரை வைத்தார். இருபத்திரண்டு வருஷத்து நோட்டுகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"போனை வெச்சுட்டீங்களா?" என்றாள் டெலிபோனம்மா.

"வெச்சுட்டேனே."

"எனக்கு இன்னும் கேக்குது."

"அது தண்ணிக் குழாய்ம்மா. இந்தக் கட்டடம் கட்டின நாள்லேருந்து சுவருக்குள்ள அப்படித்தான் சத்தம். பிளம்பர் ஏழு தடவை வந்து பார்த்துட்டார்."

தையலம்மாவின் கவனம் வேறு எங்கோ இருந்தது. திரையின் கீழ்மடிப்பை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். "இந்தத் திரைக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"இல்லையே."

"மடிப்பு இப்படி விறைச்சு நிக்குது, வெள்ளையா வேற பூத்திருக்கு. எவ தைச்சாளோ, துவைக்கணும்னு சொல்லித் தரலை."

ஒன்றரை மணிக்கு முடிவு வந்தது. தையலம்மாவுக்கு ஒன்பதாம் நம்பர் மணற்கரை. டெலிபோனம்மாவுக்கு முப்பத்தொன்றாம் நம்பர் பாறைக்கரை. இரண்டுக்கும் நடுவில் தொண்ணூறு கிலோமீட்டர்.

"ஒண்ணாப் போறதுக்குத்தாம்மா வந்தோம்!" என்றாள் தையலம்மா.

"உங்க ரெண்டு பேர் விருப்பத்துக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்துல கரை குடுத்திருக்கோம்" என்றாள் கவுன்டர்ப் பெண், கொஞ்சம் பெருமையாகவே. "இவ்வளவு துல்லியமா இதுக்கு முன்னாடி அமைஞ்சதே இல்லை. மேல்முறையீடு பண்ணணும்னா ஆறு வாரம். இல்லைன்னா இயக்குநரைப் பாருங்க. அவர் ரெண்டு மணிக்கு மேல ஜனங்களைப் பார்ப்பார்."

ஆறு வாரத்தில் பேரக் குழந்தை தலையை நிமிர்த்தப் பார்க்கும். இருவரும் இயக்குநரின் அறைக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. காலையிலிருந்து இதுதான் முதல் தடவை, ஆனால் அதை இருவரும் கவனிக்கவில்லை.

இயக்குநரின் அறையிலும் ஒரு சுவர் முழுக்கத் திரை. எதிர்ச் சுவரில் பெரிதாக ஒரு மலையின் படம்.

"மலைப் படம் மாட்டியிருக்கீங்களே" என்றாள் தையலம்மா, பேச்சைத் தொடங்கவேண்டுமே என்று.

"நடுநிலைக்காக" என்றார் இயக்குநர். உட்காரச் சொன்னார். அவர் குரல் நன்றாக இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"அம்மா, இந்த வாரியத்துல நூத்து நாப்பது பேர் வேலை பார்க்கறோம். ஒருத்தர்கூடக் கடலைப் பார்த்ததில்லை."

"ஐயய்யோ" என்றாள் தையலம்மா.

"பரிதாபப்படாதீங்க. அதுதான் எங்க தகுதி. வேலைக்கு எடுக்கறப்பவே கேட்டுத்தான் எடுக்கறோம். கடலைப் பார்த்தவன் என்ன பண்ணுவான்? ஒண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லுவான். அங்கதான் பாரபட்சம் உள்ள வருது. எங்க ஊழியர்களைத் திரை போட்ட பஸ்ல கூட்டிட்டு வந்து, திரை போட்ட பஸ்ல கொண்டுபோய் விடறோம். முதல்ல இந்தக் கட்டடத்துல அந்தப் பக்கம் ஜன்னல் இருந்துச்சு. அடைச்சுட்டோம்."

"அளவெடுக்காம சட்டை தைக்கற மாதிரி இருக்கே சார்."

"அளவு எடுக்கறோம்மா! ஆள் இல்லாம எடுக்கறோம். அதனாலதான் எங்க அளவு யாருக்கும் சாதகமா இருக்கறதில்லை."

"அங்க போயிட்டு வந்த ஜனங்களைக் கேக்கலாமே?" என்றாள் டெலிபோனம்மா.

"கருத்துப் பெட்டி வெச்சிருக்கோம். திறக்கறதில்லை. அவங்க கடலைப் பார்த்துட்டு வந்து எழுதறாங்க, அதை எப்படி நம்பறது?" இயக்குநர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "போன வருஷம் எட்டாயிரம் விண்ணப்பம். இருநூத்திப் பன்னெண்டு பேர் கடற்கரைக்குப் போனாங்க. மீதிப் பேர் இன்னும் தேர்ந்தெடுத்துக்கிட்டிருக்காங்க. எவ்வளவு ஆர்வம் பாருங்க! வாரியம் வர்றதுக்கு முன்னாடி ஜனங்க பத்து நிமிஷத்துல முடிவு பண்ணிட்டுப் போயிருவாங்களாம். கடலுக்கு என்ன மரியாதை அது?"

"உங்களுக்கு ஒரு தடவைகூடப் பார்க்கணும்னு தோணலையா சார்?"

இயக்குநர் மலையைப் பார்த்தார். "எனக்கு முன்னாடி இருந்த இயக்குநர் ஒரு தடவை பார்த்துட்டார். லீவுல போன எடத்துல, தற்செயலா. மறுநாள் வந்து ராஜினாமா குடுத்தார். குடுத்தாலும் பரவாயில்லை. சிரிச்சுக்கிட்டே குடுத்தார்மா. அதைத்தான் எங்களால தாங்க முடியலை."

சுவருக்குள் குழாய்ச் சத்தம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

டெலிபோனம்மா பெண்ணின் நிபந்தனையைச் சொன்னாள். தையலம்மா பிரசவத் தேதியைச் சொன்னாள். இயக்குநர் உருகினார். உருகினால் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருந்தது. விதி பதினெட்டு: ஒருமித்த விருப்பச் சோதனை. இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து அறுபத்துநாலாவது கேள்வியை மட்டும் மறுபடி கேட்பார்கள். இருவரும் ஒரே பதிலை எழுதிவிட்டால், ஒரே கரை, ஒரே சீட்டு, அரை மணியில் வாரியத்தின் வண்டி.

"முன்கூட்டியே பேசி வெச்சுக்கக் கூடாது" என்றார்.

"நாங்க பேசி வெச்சுக்கிட்டு என்னிக்கு சார் ஒண்ணு நடந்திருக்கு!" என்றாள் தையலம்மா.

மூன்றரை மணிக்குத் தையலம்மாவை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். காகிதத்தில் ஒரே ஒரு வரி. மணலா, பாறையா? பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பஸ்ஸில் சம்பந்தி சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது அது காதில் விழவில்லை, பதில் சொல்வதில் மும்முரமாக இருந்தாள். 'பாறையில அலை அடிக்கற எடத்துல நின்னா மனுஷக் குரல் ஒண்ணுகூடக் கேக்காதாமே சம்பந்தி. முப்பத்துநாலு வருஷம் குரலாவே கேட்டுட்டேன்.' தையலம்மா முட்டியை ஒருமுறை நீவிக்கொண்டாள். ஏறினால் ஏறிவிட்டுப் போகிறது. 'பாறை' என்று எழுதினாள்.

அடுத்த அறையில் டெலிபோனம்மா பேனாவை எடுத்தாள். மாடிப்படி ஏறும்போது முன்னால் போன சம்பந்தி ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. 'மணல்' என்று எழுதினாள்.

நான்கேகால் மணிக்குக் கவுன்டர்ப் பெண் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்து, நெடுநேரம் பார்த்தாள்.

"ஒத்துப்போகலை" என்றாள். "அது மட்டும் இல்லை. காலையில எழுதினதுக்கு ரெண்டு பேரும் நேர் எதிரா எழுதியிருக்கீங்க. இது நிலையற்ற விருப்பம். விதி பத்தொன்பது. ஒரு வருஷத்துக்கு எந்தக் கடற்கரையும் கிடையாது. காலையில குடுத்த சீட்டையும் திருப்பிக் குடுங்க."

இருவரும் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்து மாடி வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"நீங்க எதுக்குப் பாறை போட்டீங்க?" என்றாள் டெலிபோனம்மா. "முட்டியை என்ன பண்றதா உத்தேசம்?"

"நீங்க எதுக்கு மணல் போட்டீங்க? அங்க நாலு பேர் கூச்சல் போடுவானே, உங்க காதுக்கு ஆகுமா?"

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. ஏறி விழுந்தா யாரு தூக்கறது?"

"நீங்கதான்."

தையலம்மா கழுத்தில் இருந்த டேப்பை எடுத்துச் சுருட்டிப் பிரித்து, மறுபடி சுருட்டினாள்.

"உள்ள விட மாட்டா" என்றாள் மெதுவாக. "என் பொண்ணு சொன்னா செய்வா. என் பிடிவாதம் அவளுக்கு."

"என் பையன் வாயே திறக்க மாட்டான். அது என் வீட்டுக்காரர் வழி."

அலைப் பிரிவின் கதவு திறந்திருந்தது. மதிப்பீட்டாளர் காலையில் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை.

டெலிபோனம்மா திடீரென்று தலையைச் சாய்த்தாள். "சம்பந்தி, அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேளுங்க."

"எனக்கென்ன கேக்குது அதுல?"

"குழாய்னா ஒரே சீரா வரணும். இது வருது, நிக்குது, யோசிக்குது, திரும்பி வருது. மூச்சு வாங்கலை. இருமலை."

தையலம்மா எழுந்தாள். நேராக உள்ளே போய்த் திரையின் மடிப்பைக் குனிந்து பிடித்தாள், வெள்ளையாகப் பூத்திருந்ததை நகத்தால் சுரண்டினாள், நாக்கில் வைத்தாள்.

"கஞ்சி இல்ல சம்பந்தி. உப்பு."

திரையை விலக்கினாள். அடைத்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு இரும்புக் கதவு. கதவில் பலகை: 'அவசர வழி. அலுவலர்கள் இதைப் பயன்படுத்தினால் நடுநிலை கெடும்.'

"அம்மா, அந்தக் கதவைத் தொடாதீங்க" என்று மதிப்பீட்டாளர் எழுந்தார். "அது அவசரத்துக்கு மட்டும்தான்."

"இன்னும் மூணு வாரத்துல பேரக் குழந்தை பொறக்கப் போகுது, இதைவிட என்ன அவசரம்!"

இதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நான்கு கைகள் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தன.

வெளியே இரும்புப் படிக்கட்டு, பன்னிரண்டு படி. அதற்குக் கீழே கடல்.

முப்பத்தேழில் அது சேரவில்லை. வாரியத்தின் பின்புறம் என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கேட் இல்லை, காவலாளி இல்லை, மார்க் இல்லை. இடது பக்கம் மணல். வலது பக்கம் பாறை. நடுவில் தண்ணீர் யாருக்கும் சாதகமில்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

டெலிபோனம்மா முன்னால் இரண்டு படி இறங்கித் தோளைக் கொடுத்தாள். தையலம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். துணியை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு இருவரும் தண்ணீரில் நின்றார்கள். அப்புறம்தான் தையலம்மாவுக்கு உறைத்தது.

"போட்டோ யாரு எடுக்கறது?"

திரும்பிப் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் படிக்கட்டின் உச்சியில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றிருந்தார்.

"சார், இறங்கி வாங்க. ஒரே ஒரு போட்டோ."

"முடியாதும்மா. பார்த்துட்டா என் சர்வீஸ் போயிரும்."

"கண்ணை மூடிக்கிட்டே எடுங்க!"

அதற்கு எதிராக விதி எதுவும் அவருக்கு நினைவு வரவில்லை. ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கி வந்தார். டெலிபோனம்மா செல்போனை அவர் கையில் திணித்து, தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். பதினொரு படம் எடுத்தார். ஐந்தில் வானம். நான்கில் அவருடைய விரல். ஒன்றில் வாரியத்தின் சுவர், மிகத் தெளிவாக. பதினொன்றாவதில் மட்டும் தண்ணீருக்குள் நான்கு பாதங்கள். முகம் இல்லை, ஆள் இல்லை.

"இதை எப்படி அனுப்பறது? யாரோட காலோன்னு சொல்லிருவா" என்றாள் தையலம்மா.

"அனுப்புங்க. மணி அஞ்சு ஆகுது."

அனுப்பினார்கள். இரண்டு அலை வந்து போனது. மூன்றாவது வரும்போது பதில் வந்தது. டெலிபோனம்மா உரக்க வாசித்தாள்.

"'வளைஞ்ச கட்டைவிரல் எங்கம்மாவோடது. அந்தக் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கறது அத்தையோடது. ரெண்டு பேரும் வாங்க.'"

தையலம்மா கீழே பார்த்தாள். "ஆமா, இவ்வளவு நேரமா மிதிச்சுக்கிட்டா நிக்கறீங்க?"

"அலை இழுத்துச்சு, பிடிப்புக்கு வெச்சேன்."

"பாறைக்கு ஆசைப்படறவங்களுக்கு இந்த அலையே தாங்கலை. சரி, சொல்லி வெச்சுடறேன், குழந்தையை முதல்ல வாங்கறது நான்தான், பெத்தவளோட அம்மா—"

"ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரலு உங்களது, பிஞ்சு ஒடம்புக்கு அது—"

"என் விரலுக்கென்ன? உங்க குரலைக் கேட்டாத்தான் பிள்ளை பயந்து—"

"என் குரலுக்கா! ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு நன்றி சொன்ன குரலு—"

அவர்கள் பேசிக்கொண்டே நின்றார்கள். தண்ணீர் ஒருமுறை கொஞ்சம் கூடுதலாக மேலே ஏறி வந்து, மதிப்பீட்டாளரின் பூட்ஸை நனைத்துவிட்டுப் போனது. அவர் நகரவில்லை. செல்போனை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அம்மா... நான் கண்ணைத் தொறக்கட்டுமா?"